ஐப்பசிக் காய்ச்சல்

எங்கள் பக்கத்தில் தீபாவளி பெரும்பாலும் மழையோடுதான் வரும். பட்டாசு நமுத்துவிடுமோ என்று வீடு கவலைப்பட்டுக் கொண்டிருக்கும்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து இறங்குவார்கள். தாத்தா மடியில் உட்கார்ந்து அதிரசம் தின்பார்கள், அவர் துண்டிலேயே மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். நாலாம் நாள் பிள்ளைகள் தெளிந்து ஊர் திரும்பிவிடும், தாத்தா படுத்துவிடுவார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கதை கிடைக்கும்.

பாட்டிமார் வைத்திருந்த இந்தக் கணக்கை ஆய்வுக்கூடங்களும் ஒப்புக்கொண்டுவிட்டன. இன்ஃப்ளுயன்சா எந்த ஊரில் எப்போது உச்சம் தொடுகிறது என்று இந்திய நகரங்களைக் கண்காணித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. ஸ்ரீநகரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, குளிர் நாட்டு வழக்கப்படி. டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் மட்டும் அக்டோபர், நவம்பர். நமக்கு மழை வடகிழக்கிலிருந்து வருகிறது, காய்ச்சலும் அதன் பின்னாலேயே வருகிறது. சன்னல் சாத்திய அறைகளா, ஈரக் காற்றா, பள்ளிக்கூடமா என்று காரணத்தில் இன்னும் வாதம் உண்டு. குழந்தைகள் வைரஸைப் பெரியவர்களைவிட அதிக நாள் வெளியே விட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதில் வாதமில்லை. ஆக, அதிரசம் தின்ற மடிக்கும் இதில் பங்கு உண்டு.

மழைக் கணக்கு தெரிந்தால் ஊசிக் கணக்கும் தெரியவேண்டும். ஃப்ளூ தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை சேர்மானம் சொல்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. போட்டுக்கொண்ட பிறகு உடம்பு எதிர்ப்பாற்றலைத் திரட்ட இரண்டு வாரம் பிடிக்கும். தீபாவளிக்குப் பிறகு இருமல் கேட்டதும் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிறவர்கள், வண்டி போன பிறகு டிக்கெட் வாங்குகிறார்கள். இந்தக் கடற்கரைக்கு நல்ல நேரம் புரட்டாசி. வயதானால் ஊசியின் பலன் குறையும் என்பது உண்மைதான். காய்ச்சலையே தடுக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தவிர்க்கும் வாய்ப்பு கூடும். அறுபதைத் தாண்டியவருக்கு அந்த வித்தியாசம் போதும். ஆனால் அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் முதியவர்களுக்கான ஃப்ளூ ஊசி இல்லை. சொந்தக் காசில், தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர்களே யோசிக்கும் விலை. வலை சீர்செய்து பிழைக்கும் கிழவருக்கு இதை யார் சொல்வது?

இதில் செங்கல்பட்டுக்காரர்களுக்குத் தனி வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஊரை ஒட்டிய திருமணியில் நூறு ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 2012-இல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்றது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நாடே ஊசிக்கு அலைந்தபோது, அங்கே ஒரு சொட்டு மருந்துகூட உற்பத்தியாகவில்லை. முதல்வர் ஸ்டாலின் நேரில் வந்து பார்த்துவிட்டு, மாநிலத்திடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று மத்திய அரசைக் கேட்கவேண்டி வந்தது. உலக மருத்துவப் புத்தகங்களில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது, அதுவும் ஊசியால்தான். 1968-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும் பகுதியில், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து பி.சி.ஜி. சோதனை தொடங்கினார்கள். பெரியவர்களின் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவைச் சொன்ன சோதனை அது. கையை நீட்டிய அத்தனை பேரும், பலனில்லை என்ற உண்மையை உலகத்துக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் பலன் தெரிந்த ஊசி ஒன்று ஏழைக்கு எட்டவில்லை என்றால் எரிச்சல் வராதா?

சரி, ஊசி பாதிக் கதைதான். மீதி வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே எதிரி வைரஸ் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதுமையில் நோய் சத்தம் போடாமல் வருகிறது. கவனிக்கும் கண் பக்கத்தில் இல்லையென்றால் வந்ததே தெரியாது.

அக்கா மாமல்லபுரத்தில் தனியாக இருக்கிறாள். எழுபத்தாறு வயது. மகனுக்கு வெளிநாட்டில் வேலை. தினம் போனில் பேசுவான். அவளும் தினம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், லேசா அசதி, நீ வேலையைப் பாரு" என்பாள். ஒரு கார்த்திகையில் வழக்கம்போல் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், பேச்சும் சரியாகத்தான் இருந்தது. சமையல் மேடையில் டபரா செட் இருந்தது. டம்ளரில் காபி முழுசாக, மேலே ஆடை தடித்து, ஓரத்தில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் காபியை ஆறவிடுகிற ஜாதி இல்லை. நாக்கு பொத்துப் போகிற சூட்டில் குடித்தால்தான் அது காபி என்பாள். நெற்றியைத் தொட்டால் சூடே இல்லை. தெர்மாமீட்டர் 99.2 காட்டியது. "இதுக்குப் போய் என்னடா" என்றவள், அடுத்த வாக்கியத்தில் என்னை எங்கள் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அண்ணன் போய் வெகு காலமாகிவிட்டது.

பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது. நெஞ்சில் சளியும் கட்டியிருந்தது. டாக்டர் விளக்கியபோதுதான் பல விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. வயதான உடம்புக்குச் சாதாரண நாளிலேயே சூடு கொஞ்சம் குறைவு. தொற்று வந்தாலும் இளம் உடம்பைப் போல அது கொதிப்பதில்லை. கடுமையான தொற்று வந்த முதியவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குக் காய்ச்சலே தெரியாமல் போகலாம். ஆகவே அவர்களுக்கு 100 டிகிரியே காய்ச்சல்தான். அவரவருடைய வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடினாலும் காய்ச்சல்தான். இதற்கு அந்த வழக்கமான சூடு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் பார்த்துக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைப்பது, எனக்குத் தெரிந்து, செலவில்லாத வைத்தியங்களில் முதலாவது. காய்ச்சலுக்குப் பதிலாக வருபவை வேறு: குழப்பம், கால் தடுமாறி விழுதல், சாப்பாட்டில் மனம் செல்லாமை, பகலெல்லாம் தூக்கம். வயசாச்சு, அப்படித்தான் என்று நாம் தள்ளிவிடுகிற அத்தனையும் அதில் இருக்கின்றன. ஒசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகம் பலன் தரும். காபி ஆறிப்போனதைக் கவனிக்க ஆள் இல்லாத வீட்டில் அந்த இரண்டு நாள் எப்படிக் கழியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் வைத்தியத்தை நாலு பங்காகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். கடைசி ஆளையும் வைத்தியத்துக்குள்ளேயே வைத்துவிட்டார் வள்ளுவர். அவரைத் தனியாகக் கூலிக்குப் பிடிக்க வேண்டிய காலம் வருமென்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள்; இப்போது இன்னும் கூடியிருக்கும். பிள்ளைகள் சிறுசேரியில், சிங்கப்பூரில், டல்லஸில். முதல் மூன்று பங்குக்கும் காசு அனுப்புகிறார்கள், குறை சொல்ல முடியாது. நாலாவது பங்கு மணியார்டரில் வராது.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன வேலை? பெரும்பாலும் அற்ப வேலைகள். முதலாவது தண்ணீர். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களையும் இளைஞர்களையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகத்தான் எடுத்தது. தண்ணீரைக் கண் முன்னால் வைத்தபோதும் குறைவாகத்தான் குடித்தார்கள். தாகமெடுத்தால் கேட்பார் என்று இருப்பது அதனால் வீண். கேட்கவே மாட்டார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கப் பயந்து இருக்கிற தாகத்தையும் அடக்குவார். மணிக்கொரு தரம் அரை டம்ளர் கையில் கொடுக்க வேண்டும்: சீரகத் தண்ணீர், மோர், ரசம், இளநீர், எதுவானாலும். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும். இளநீர்கூட எல்லாச் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

இரண்டாவது, படுக்கை. காய்ச்சல் என்றால் படு, எழுந்திருக்காதே என்பது நம் வீட்டுச் சட்டம். 2007-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்து போயிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு, "எழுந்து நிக்க முடியல, முட்டி நடுங்குது" என்று சொல்வார்களே, அதில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ கட்டிலுக்கும் அவ்வளவு. சாப்பாட்டுக்காவது நாற்காலியில் உட்கார வையுங்கள். கையைப் பிடித்துக் கூடம் வரை நடக்க வையுங்கள். படுத்தே கஞ்சி குடித்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் இருக்கிறது.

கஞ்சிக்கு நான் எதிரியில்லை. புழுங்கலரிசி நொய்யில் சீரகம் போட்டு, உப்பிட்டு, சுட்ட அப்பளத்தோடு குடித்தால் செத்த நாக்குக்கும் கொஞ்சம் உயிர் வரும். ஆனால் வாரக்கணக்கில் அதையே ஊற்றினால் கரைந்த சதை எதிலிருந்து திரும்பும்? பத்தியம் என்று முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் விலக்கிவிடும் சைவ அசைவ வீடுகளைவிட மாமல்லபுரத்து மீனவக் குப்பம் இதில் தெளிவாக இருக்கிறது. அங்கே சளி பிடித்தவருக்கு நண்டு ரசம். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய வழியக் குடிப்பார்கள். உடம்பு தேற சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதைக் காய்ச்சலில் எழுந்த கிழவிக்கும் கொடுக்கிறார்கள். எந்தச் சத்துணவு நிபுணர் வந்தாலும் அதில் திருத்த அதிகமிருக்காது. சைவ வீடென்றால் பாசிப்பருப்பைக் கஞ்சியிலேயே குழைய வேக வைத்துவிடலாம்.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்காத வீடில்லை. நிலவேம்பு, விலாமிச்சு வேர், வெட்டிவேர், பற்படாகம், பேய்ப்புடல், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு என்று ஒன்பது சரக்கு. 2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், ஆய்வு முடிவு தெரியும் வரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தாரிடம் சொல்லப்போய் ஊரெல்லாம் சண்டை. என் நிலை நடுத்தரம். குடித்தால் மனசு தெம்பாகிறது என்றால் குடிக்கட்டும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். அதைக் குடித்தாயிற்று, இனி டாக்டர் எதற்கு என்று இரண்டு நாளைத் தள்ளிப் போடுவதில்தான் எனக்குச் சண்டை.

எனக்குப் பெரிய சண்டை மெடிக்கல் ஷாப் செட்டு மாத்திரையோடு. "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால் கத்தரித்த அட்டைத் துண்டுகள் பழுப்பு உறையில் வரும். அதில் அசித்ரோமைசின் இருந்தால் அது வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். வீட்டில் இருக்கும் 650-ஐயும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு இரட்டைச் சுமை. அதே சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் இளைஞனுக்கு நல்ல தூக்கம் கொடுக்கும். எழுபது வயதுக்காரருக்குப் புத்தியைக் குழப்பும், பிராஸ்டேட் வீங்கியவருக்கு மூத்திரத்தைக் கட்டும். அப்புறம் குழப்பம் நோயால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மேல் வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி கேட்டு வாங்குவது இன்னும் மோசம். இதே மழைக்காலம்தான் டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் பருவம். டெங்குவாக இருந்தால் அந்த ஊசி ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பதையும் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. ஃப்ளூவும் லேசுப்பட்டதில்லை. ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று 2018-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. காய்ச்சல் போயிடுச்சு என்று பார்த்துக்கொள்ள வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நாட்கள் பல நேரம் அந்த வாரத்துக்குள்தான் வருகின்றன.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் தூங்குகிறதா, எடுத்து பேட்டரி மாற்றி வையுங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாமல், கையைச் சூடாக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்; 94-க்குக் கீழே போனால் யோசிக்க நேரமில்லை. கருவி இல்லாவிட்டால், போர்வை ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணினாலே போதும். எண்ணிக்கை 25-க்கு மேலேயே நின்றால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

கூப்பிடலாம், வண்டி வர வழி வேண்டுமே. இந்தக் கடற்கரையில் காய்ச்சலும் புயலும் ஒரே மாதத்துக்காரர்கள். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம்தான் கரை கடந்தது. மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், போனில் சார்ஜ் இறங்கிக் கொண்டிருக்கும்போது வீட்டில் ஒரு முதியவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? நெபுலைசருக்கும் கரண்ட் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் பாலும் மெழுகுவர்த்தியும் வாங்க ஓடுகிறோம். பதினைந்து நாள் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வாங்கி வைப்பதும், காய்ச்சலில் இருக்கும் பெரியவரைச் சாலை அடைபடுவதற்கு முன்பே உறவுக்காரர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ மாற்றுவதும் அந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை.

எல்லா முதுமையும் ஒன்றில்லை. மாமல்லபுரத்தில் சாலையோரச் சிற்பக்கூடங்களில் நாற்பது வருஷம் கருங்கல் தட்டியவர் நெஞ்சில் ஏற்கெனவே கல்தூசி இருக்கிறது. முன்பாவது உளியும் சுத்தியலும். மின்சார அறுவை வந்தபிறகு தூசி மாவாகப் பறக்கிறது. அந்த நுரையீரலுக்குள் போகிற வைரஸும் ஓய்வு பெற்ற ஆசிரியரின் நுரையீரலுக்குள் போகிற வைரஸும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அவருக்கு வருஷம் முழுக்க இருமல். அது கூடிவிட்டதா என்பதை மனைவியால்தான் சொல்ல முடியும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். அரசாங்கம் செய்த உருப்படியான வேலைகளில் இது ஒன்று என்று யோசிக்காமல் சொல்வேன். ஆனால் அவர்கள் கொண்டுவரும் மாத்திரையைவிட அவர்கள் கண் பெரிய சொத்து என்பது என் அபிப்பிராயம். தனியாக இருக்கும் கிழவியை மாதாமாதம் ஒரே ஆள் பார்த்தால், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் அந்த ஆளுக்குத் தெரியும். மழை மாதங்கள் மூன்றிலும் அவர்களை வாரத்துக்கு ஒரு தடவை வரவைத்து, அதற்குத் தனியாகக் காசும் கொடுத்து, சாப்பிட்டாரா, எழுந்து நடக்கிறாரா, பேச்சு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னால் எத்தனையோ பேர் 48 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய்ச் சேர்வார்கள்.

அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அப்படி ஒரு பெண் இருக்கிறாள். எந்தத் திட்டத்திலும் சேராதவள், இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மழை தொடங்கினால் அந்தப் பக்கத்துத் தனிக்கட்டைகளைக் காலையில் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் எல்லாரும் நல்லாத்தான் இருக்கேன் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூடை சுமந்து மீன் விற்று ஓய்ந்த ஒரு கிழவியிடம் அவள் வாசலில் நின்று கேட்டது இது:

"ஆயா, வஞ்சரம் இன்னா வெல போவுது?"

"ஆயிரத்து எரநூறு சொல்றான், கண்ணு செவந்து கெடக்குது, பழைய மீனு. எட்டு நூறுக்கு மேல குடுத்தா நீ ஏமாந்தவ. ஏன்டி, நெசமா வாங்கப் போறியா, இல்ல நான் கீறேனா போயிட்டேனான்னு பாக்க வந்தியா?"